தோட்டத்துக் கைபேசிக்கு ஒரு செய்தியோடை: ஃபீடர் செயலி

சப்ரகமுவத் தோட்டங்களில் இன்று செய்தி என்றால் பேஸ்புக். அதற்கு முதற்காரணம் டேட்டாவின் விலைதான். எட்டியாந்தோட்டையிலோ காவத்தையிலோ கடைக்கு ரீலோட் போடப் போகிறவர்களில் பலர் கேட்பது பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் மட்டும் திறக்கும் சமூக ஊடகப் பெக்கேஜ். அந்தப் பெக்கேஜில் இருக்கும்போது ஒரு பத்திரிகைத் தளத்தின் இணைப்பை அழுத்தினால் காசு வேறு கணக்கில் வெட்டுப்படும். அதற்குப் பயந்து தலைப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தத் தலைப்பு கண்ணில் படும் என்பதை பேஸ்புக் கம்பனியின் கணக்கு முடிவு செய்கிறது.

இதனால் என்ன கெடுதி என்பதை 2024 இல் பார்த்தோம். ஏப்ரல் கடைசியில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்கும் வர்த்தமானி வந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்த மாதங்கள் முழுக்க 1,700 ரூபாய் உறுதியாகிவிட்டது என்று சொல்லும் படங்கள் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருந்தன. யார் எழுதியது, எந்தத் திகதியில் எழுதியது என்று அவற்றில் ஒரு வரி கிடையாது. பெரட்டுக்களத்தில் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். மே மாதத்துச் செய்தியை ஓகஸ்ட் மாதத்தில் புதிதென்று நம்பியவர்களைக் குறை சொல்லவே முடியாது. அவர்கள் கையில் இருந்த திரையில் திகதி இல்லை.

திகதியையும் மூலத்தையும் திரும்பக் கொண்டுவரும் ஒரு பழைய ஏற்பாடு இணையத்தில் இருக்கிறது. இலவசம், விலை குறைந்த கைபேசியிலும் ஓடும். செய்தியோடை என்பார்கள். ஆர்எஸ்எஸ் என்றும் ஃபீட் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் படிக்க உதவும் செயலி ரீடர். ஆண்ட்ராய்ட் கைபேசிக்கான ரீடர்களில் ஃபீடர் என்ற செயலியைத்தான் நான் இங்கே பரிந்துரைக்கப் போகிறேன். அதற்கு முன் ஓடை என்பது என்ன என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

பிபிசி தமிழின் ஓடையை உலாவியில் வெறுமனே திறந்தால், கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே எழுதப்பட்ட நீண்ட பட்டியலாக வரும். ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, இணைப்பு, ஓரிரு வரிச் சுருக்கம், வெளியான நாள், மணி, நிமிடம். தோட்டத்துச் செக்ரோல் மாதிரி: பெயர், திகதி, வேலை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நேரம் கிரீனிச் கணக்கில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டி நம்முடைய நேரமாகக் காட்டுவது ரீடரின் வேலை. இப்படிப்பட்ட கோப்பு ஒன்றின் அளவு சில பத்துக் கிலோபைட்தான் வரும். ஒழுங்காக அமைக்கப்பட்ட தளமாக இருந்தால் இன்னொரு மிச்சமும் உண்டு. ரீடர் மறுபடி போய்க் கேட்கும்போது கோப்பு மாறவில்லை என்றால், கோப்பை முழுதாக அனுப்பாமல் மாற்றமில்லை என்ற பதிலை மட்டும் தளம் அனுப்பும். பேஸ்புக்கில் ஒரு காணொளி தானாக ஓடி விழுங்கும் டேட்டாவில் பல நாள் ஓடைகளைப் பார்த்துவிடலாம்.

இதை 1999 இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தொடங்கியது. 2000 இல் வந்த பதிப்பை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆரன் சுவார்ட்ஸ், அப்போது அவருக்கு 14 வயது. 2002 இல் டேவ் வைனர் வெளியிட்ட இரண்டாம் பதிப்புதான் இன்றும் பெரும்பாலான தளங்களில் ஓடுகிறது. தமிழுக்கு இது புதிதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 2004 இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம், நூற்றுக்கணக்கான தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டியது. யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதிய முகம் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில்தான் ஒருவரையொருவர் வாசித்தார்கள். பாமினி போன்ற தனி எழுத்துருக்களில் இருந்த தமிழ் ஒருங்குறிக்கு மாறியதால்தான் அப்படி ஒரு திரட்டியே சாத்தியமானது. பிறகு கூகுள் தன் ரீடரை 2013 ஜூலை 1 இல் மூடியது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2018 டிசம்பரில் ஓடை வசதியை எடுத்துவிட்டது. ஓடை செத்துப்போனது என்று பலர் எழுதினார்கள். சாகவில்லை. வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் திறந்தால் அதற்கு ஓடை தானாகவே பிறக்கிறது, பிளாக்கரிலும் அப்படித்தான். நடத்துகிறவருக்கே தெரியாமல் ஓடை ஓடிக்கொண்டிருக்கும் தமிழ்த் தளங்கள் ஏராளம். பொட்காஸ்ட் என்று நாம் கேட்பவற்றில் பெரும்பாலானவை இதே ஓடை வழியாகத்தான் வருகின்றன.

இனி செயலிக்கு வருவோம். ஃபீடர் முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை, மூலநிரல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. கூகுள் பிளேயிலும் எஃப்-டிரொய்டிலும் கிடைக்கும். அதே பெயரில் வேறொரு நிறுவனத்தின் செயலியும் இருப்பதால் இறக்கும்போது கவனம் வேண்டும். திறந்தவுடன் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கச் சொன்னால் நீங்கள் எடுத்தது மற்றது. நான் சொல்லும் ஃபீடர் எதையும் கேட்காது. நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்ற பட்டியல் உங்கள் கைபேசியிலேயே இருக்கும், யாருடைய சேவையகத்துக்கும் போகாது. தொழிற்சங்கத் தகராறு நடக்கும் நாளில் என்ன தேடினார் என்பது அடுத்தவருக்குத் தெரியவேண்டாம் என்று நினைக்கும் ஒரு தொழிலாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஓடை சேர்ப்பது எளிது. 'நமது மலையகம்' தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையக வரலாறும் அரசியலும் பற்றிய கட்டுரைகளைத் தேடித் தொகுக்கும் தளம், பிளாக்கரில் இயங்குவது. ஃபீடரில் புதிய ஓடை சேர்க்கும் இடத்துக்குப் போய்த் தளத்தின் முகவரியை மட்டும் ஒட்டுங்கள். பக்கத்தின் உள்ளே மறைவாக எழுதியிருக்கும் ஓடை முகவரியைச் செயலியே தேடி எடுத்துத் தரும். பெயரைத் தமிழில் மாற்றி, 'மலையகம்' என்று ஒரு குறிச்சொல் போட்டுச் சேமித்தால் வேலை முடிந்தது. முகவரி கிடைக்காமல் போனால், வேர்ட்பிரஸ் தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டிப் பார்க்கலாம். கொழும்புப் பத்திரிகைத் தளங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சோதிக்க வேண்டும், எல்லாத் தளமும் ஓடையை வெளியே காட்டுவதில்லை. யூடியூப் அலைவரிசைக்கும் ஓடை உண்டு, கடைசி 15 காணொளிகளின் பட்டியல் அதில் வரும். யூடியூப்பின் பரிந்துரைகளுக்குள் இழுபடாமல் தேவையான ஓர் அலைவரிசையை மட்டும் பின்தொடர இது நல்ல வழி.

நமக்கான அமைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செயலி இங்கே பயன்படுமா இல்லையா என்பது அங்கேதான் இருக்கிறது. வைஃபை இருக்கும்போது மட்டும் புதுப்பி என்ற தெரிவு ஒன்று உண்டு. லயத்தில் வைஃபை ஏது? அதை அணைத்துவிடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே சார்ஜ் ஏறும்போது மட்டும் புதுப்பி என்றொரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். நம்முடைய டேட்டா பெக்கேஜ்கள் பலவற்றில் பகலுக்கு ஓர் அளவு, நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை ஓர் அளவு என்று பிரித்துத்தான் தருகிறார்கள். அந்த இரவு டேட்டா பெரும்பாலும் யாரும் தொடாமலே காலாவதியாகிறது. இரவில் கைபேசியைச் சார்ஜரில் போட்டு டேட்டாவைத் திறந்து வைத்தால், நீங்கள் தூங்கும் நேரத்தில் ஃபீடர் இரவு டேட்டாவிலேயே எல்லா ஓடைகளையும் இழுத்து வைத்துவிடும். காலையில் றப்பர்ப் பால் வெட்டுக்கோ கொழுந்து மலைக்கோ கிளம்புமுன் செய்தி கையில் இருக்கும்.

கூடவே ஒவ்வோர் ஓடைக்கும் முழுக் கட்டுரையையும் எடுத்து வை என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிபிசி தமிழ் போன்ற ஓடைகள் தலைப்பும் சுருக்கமும் மட்டுமே தருபவை. இந்தச் சுவிட்சைப் போட்டால் செயலி கட்டுரைப் பக்கத்துக்கே போய், விளம்பரங்களைக் களைந்து, எழுத்தை மட்டும் பிரித்து எடுத்துவரும். தெரணியகலைக்கு மேலே மாலிபொட பக்கத்துப் பள்ளங்களில் சிக்னல் இல்லாமல் போனாலும் கட்டுரை முழுதாகத் திறக்கும், படங்கள்தான் வராமல் போகலாம். படங்களை வைஃபையில் மட்டும் காட்டு என்ற தெரிவையும் போட்டுவிட்டால் டேட்டா இன்னும் மிச்சம்.

ஒரு தொல்லை வரும், அது செயலியுடையதல்ல. விலை குறைந்த கைபேசிகள் பல, பின்னணியில் ஓடும் செயலிகளை பற்றரியைக் காப்பாற்றுவதற்காகக் கொன்றுவிடும். விடிந்து பார்த்தால் நேற்றைய செய்தியே இருக்கும். கைபேசியின் பற்றரி அமைப்பில் ஃபீடருக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் செயலி வேலை செய்யவில்லை என்று நீக்கிவிடாதீர்கள்.

தலைப்பில் குறிப்பிட்ட சொல் இருந்தால் அந்தச் செய்தியைக் காட்டாதே என்று சொல்லவும் இடமிருக்கிறது. ராசிபலன் என்ற ஒரு சொல்லைப் போட்டாலே சில ஓடைகள் பாதியாக மெலிந்து வாசிக்கும்படி ஆகின்றன. தமிழ்த் தலைப்புகள் நீளமானவை, பட்டியலை மிக நெருக்கமாக வைத்தால் அரைகுறையாக வெட்டுப்படும். கொஞ்சம் அகலமான காட்சியே தமிழுக்குப் பொருந்துகிறது.

எனக்கு இதில் மிகப் பிடித்த வசதி, கட்டுரையை வாய்விட்டு வாசிப்பது. கைபேசியில் கூகுளின் தமிழ்க் குரலை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். எங்கள் லயத்தில் பால் வெட்டும் ஒரு மாமா, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். சம்பளம் பற்றிய கட்டுரை ஒன்றைப் போட்டு அவர் பக்கத்தில் கைபேசியை வைத்தேன். முடியும்வரை அசையாமல் கேட்டார். "தம்பி, இது ரேடியோவா?" என்றார். "இல்ல மாமா, பத்திரிகையில எழுதினத ஃபோன் வாசிக்குது." "அப்ப நான் கேட்டத மறுபடி போடலாமா?" "எத்தன தடவையும் போடலாம்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதலில் இருந்து போடச் சொன்னார். இரண்டாம் தடவை ரூபாய்க் கணக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, விரலில் கூட்டிப் பார்த்தார். குரல் தமிழ்நாட்டு உச்சரிப்பு, நம்மூர்ப் பெயர்களிலும் சுருக்கெழுத்துகளிலும் தடுமாறும். ஆனாலும் விளங்குகிறது. சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் லயங்களில் இருக்கிறது. அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றது. வாசிக்கச் சிரமப்படுகிறவருக்குக் காதால் செய்தி கேட்கும் உரிமையை இந்த வசதி திருப்பித் தருகிறது என்றே நினைக்கிறேன்.

எதைப் பின்தொடர்வது? நாள்தோறும் நிறைய எழுதும் தளங்களுக்கு ரீடர் கட்டாயமில்லை, அவற்றின் செய்தி எப்படியும் காதில் விழும். ரீடர் கைகொடுப்பது எப்போதாவது எழுதும் தளங்களுக்கு. மலையகத்தைப் பற்றிய எழுத்து அப்படித்தான் வருகிறது. அதிலும் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் கிடைக்கும் இடம் இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் கிடைப்பதில்லை. இங்கே தமிழர் சிதறி வாழ்கிறார்கள், றப்பர்த் தோட்டங்களும் சிறுதோட்டங்களும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே கிடக்கின்றன. நம்மைப் பற்றிய ஒரு கட்டுரை 'மாற்றம்' தளத்திலோ 'நமது மலையகம்' தளத்திலோ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத் தினமும் போய்ப் பார்க்க யாருக்கும் பொறுமை இராது. ஓடையைச் சேர்த்துவிட்டால் அது வரும் நாளில் தானாக மேலே வந்து நிற்கும். பேஸ்புக்கில் அதே கட்டுரை கூட்டத்தில் காணாமல் போயிருக்கும்.

ஆசிரியர்களுக்கு இன்னொன்று சொல்வேன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஓடை உண்டு. இரத்தினபுரி மாவட்டம் பற்றிய கட்டுரையில் யார் எந்த வரியைத் திருத்தினாலும் உங்கள் ரீடரில் வந்துவிடும். பிழையான எண்ணிக்கையோ தவறான இடப்பெயரோ ஏறினால் உடனே பிடிக்கலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்கும் நூலகம் தளமும் அதே விக்கி மென்பொருளில் இயங்குவதுதான், அங்கேயும் இதை முயன்று பார்க்கலாம். உயர்தர மாணவர்களை வைத்து இதைச் செய்தால், ஊர் பற்றிய தகவலைத் தாங்களே காத்துத் திருத்தும் பழக்கம் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஃபீடரை நம்பவே கூடாது: மண்சரிவு எச்சரிக்கை. 2016 மே 17 இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோது, புளத்கொஹுபிட்டிய பக்கம் களுப்பஹன தோட்டத்து லயங்களிலும் மண் விழுந்து உயிர்கள் போயின. 2017 மே மாதத்தில் இரத்தினபுரி. 2025 நவம்பரில் டித்வா புயல் கேகாலை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நம்முடைய மாவட்டங்கள் இரண்டும் ஒவ்வொரு மழைக்காலத்தையும் பயத்தோடு கடப்பவை. ரீடர் எவ்வளவு வேகமாக வைத்தாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் போய்ப் பார்க்கும். நான் மேலே சொன்ன சார்ஜர் அமைப்பில் ஒரு நாளே தாமதமாகலாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அந்த எச்சரிக்கைக்கு வானொலியைக் கேளுங்கள், கிராம சேவகரோடு தொடர்பில் இருங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழையுங்கள். சுவரில் புதிய வெடிப்போ, ஊற்று நீர் திடீரெனக் கலங்குவதோ கண்டால் எந்தச் செயலியையும் பார்க்காமல் வெளியே போங்கள்.

மற்ற ரீடர்களையும் ஓட்டிப் பார்த்தேன். ஃபீட்லியின் இலவசக் கணக்கில் 100 மூலங்களும் இனோரீடரில் 150 ஓடைகளும் சேர்க்கலாம், ஒரு வீட்டுக்கு அது தாராளம். கைபேசியில் வாசித்தது பாடசாலைக் கணினியிலும் வாசித்ததாகவே காட்ட வேண்டும் என்றால் இவற்றில் ஒன்று நல்லது. கணக்குத் திறக்க வேண்டும், இனோரீடரில் விளம்பரமும் வரும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் நெட்நியூஸ்வயரை இறக்கலாம், அதுவும் இலவசம், திறந்த மூலநிரல். கணினியில் மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் வைத்திருந்தால் அதற்குள்ளேயே ஓடை வாசிக்கும் வசதி உண்டு. தோட்டத்துக்கு என்று கேட்டால் என் தெரிவு ஃபீடர்தான். சிக்னல் இல்லாத இடத்தில் வாசிக்கவும் கணக்கில்லாமல் தொடங்கவும் அதுவே எளிது.

குறை செயலியில் இல்லை, நம்மவர்கள் எழுதும் இடத்தில் இருக்கிறது. தொழிற்சங்கங்களும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களும் கோயில் பரிபாலன சபைகளும் தங்கள் அறிவித்தல்களைப் பேஸ்புக்கில் மட்டும், அதுவும் கடிதத்தைப் படம் பிடித்துப் போடுகின்றன. பேஸ்புக் பக்கத்திலிருந்து ஓடை வராது. படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடவும் முடியாது, குரலில் வாசிக்கவும் முடியாது. அந்த மாமாவின் கைபேசிக்கு அது வெறும் படம். பிளாக்கரில் இலவசமாக ஒரு பக்கம் திறந்து, கடிதத்தில் உள்ளதை எழுத்தாகத் தட்டி, அந்த இணைப்பைப் பேஸ்புக்கிலும் போட்டால் இரண்டு வேலையும் ஆகிவிடும். இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் தெஹியோவிட்டவிலும் கணினி தெரிந்த இளையவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சங்கத்துக்கு ஒருவர் வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் முடியும் காரியம் இது. புலமைப்பரிசில் விண்ணப்ப முடிவுத் திகதி, வைத்திய முகாம் நடக்கும் நாள், சேமலாப நிதி பற்றிய விளக்கம் எல்லாம் திகதியோடு எழுத்தாக வரவேண்டியவை.

தொடங்குகிறவர்கள் ஐந்தாறு ஓடைகளோடு தொடங்குங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, திறக்காமலே விடும் ஓடைகளைத் தயங்காமல் நீக்குங்கள். பட்டியல் ஒழுங்குக்கு வந்ததும் அமைப்புகளுக்குள் போய் ஏற்றுமதி என்பதை அழுத்தினால், எல்லா ஓடைகளின் முகவரியும் ஓபிஎம்எல் என்ற ஒரே கோப்பாக வரும். அதில் கடவுச்சொல்லோ நீங்கள் வாசித்த விவரமோ இல்லை. ஃபீட்லி, இனோரீடர், நெட்நியூஸ்வயர் என்று எந்த ரீடரும் அதை ஏற்றுக்கொள்ளும். கைபேசி தொலைந்தாலும் பட்டியல் போகாமலிருக்க அந்தக் கோப்பை உங்களுக்கே ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் யாராவது கேட்டால் அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் ஃபீடரில் இறக்குமதியை அழுத்தினால் உங்கள் பட்டியல் முழுதும் அவருடைய கைபேசியில் ஏறிவிடும்.